நான் உண்டாக்கிய எண்பத்தாறு முகவரிகள்

2025 ஜூன் 12, வியாழன்

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கடை வாசலில் வைத்திருக்கும் ‘போட்டோ கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம்’ பலகை இன்று மூன்று தடவை விழுந்தது. மூன்றாவது தடவை நான் தூக்கி நிறுத்தவில்லை. கிட, உனக்கும் ஓய்வு வேண்டாமா?

மத்தியானம் கடையில் ஆளில்லை. பஸ் நிலையத்தின் தூசி கண்ணாடிக்கு வெளியே பொன்னிறமாக எழும்பி, பஸ்களையும் ஆட்களையும் பாதி மறைத்துவிட்டு மெதுவாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைப்பற்றி எட்டு வரி எழுதி ‘மலைக்காற்று’ இணையதளத்தில் போட்டேன். மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று வந்து பார்த்தவர்கள் ஏழு பேர். அதில் நாலு தடவை நான்.

டோஹாவிலிருந்து தம்பி றில்வான் குரல் செய்தி அனுப்பியிருந்தான். தளத்தைச் செய்து தந்தவன் அவன்தான். “ராத்தா, ஆக்கள் தேடி வர மாட்டாங்க. நீங்கதான் அவங்கட மெயிலுக்குப் போகணும். சும்மா கெடைக்கிற சொப்ட்வெயார் ஒண்டு ஈக்கி, போட்டுத் தாரன்.”

ஆட்களின் மெயிலுக்குப் போவது. நான் எழுதியது பசறை ரோட்டில் வளைந்து வளைந்து ஏறி, மடுல்சீமைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்து லயத்து வீட்டில், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி கையில் போய்த் திறப்பது. இதை நினைத்துக்கொண்டு ஒருவரின் அடையாள அட்டையைத் தலைகீழாகப் பிரதி எடுத்துவிட்டேன். ஏச்சும் வாங்கினேன்.

ஜூன் 14, சனி

மென்பொருளை ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. றில்வான் அங்கிருந்து சொல்ல நான் இங்கிருந்து அழுத்த வேண்டும். தரவுத்தளத்துக்கு ஒரு பெயர், அதற்கு ஒரு பயனர், அவருக்கு ஒரு கடவுச்சொல். பிறகு ஒரு வெள்ளைப் பக்கம். வெறும் வெள்ளை. “என்ன தெரியுது ராத்தா?” “ஒண்டும் தெரியல்ல. மையத்துக்குச் சுத்துற கபன் துணி மாதிரி ஈக்கி.” “அப்பிடிச் சொல்லாதீங்க!”

இவர் பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். “ஸகீனா, கடிதம் போடுற எண்டா தபால் கந்தோர் அந்தா ஈக்கி.” இந்த ஜாபிரைக் கட்டி பதினைந்து வருடம். ஒரு வரி வாசித்திருப்பாரா நான் எழுதியதில்? கேட்டால், “நீ பேசுறதயே கேக்குறேனே, போதாதா?” என்பார்.

ஜூன் 15, ஞாயிறு

வேலை செய்கிறது! ஒரு சின்ன எழுத்துப் பெட்டி, கீழே ‘என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று பச்சைப் பொத்தான். நாள் முழுக்க அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

சந்தாதாரர்: இரண்டு. நானும் றில்வானும்.

பரவாயில்லை என்று எழுத வந்தேன். பரவாயில்லாமல் இல்லை. மனசு விட்டுப்போகிறது. நாற்பது வயதில் எனக்கு நகை ஆசை இல்லை, வீடு ஆசை இல்லை. யாராவது ஒருத்தர் நான் எழுதியதை வாசித்துவிட்டு, ‘ஆமா, அந்தத் தூசி அப்படித்தான் இருந்திச்சு’ என்று சொல்ல வேண்டும். இது பெரிய ஆசையா?

ஜூன் 22, ஞாயிறு

எப்படி இது முன்னமே தோன்றவில்லை?

மேசை லாச்சியில் தடித்த சீ.ஆர். கொப்பி இருக்கிறது. கடைக்கு வந்து விண்ணப்பம் நிரப்புபவர்களுக்கு மெயில் முகவரி கேட்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அநேகமாக இருக்காது. நானே ஒன்றை உண்டாக்குவேன். கடவுச்சொல் எல்லாருக்கும் ஒரே முறை — பெயரும் பிறந்த வருடமும். சரிபார்க்கும் இலக்கம் வர என் போன் நம்பர், இல்லாவிட்டால் இவருடையது, உம்மாவுடையது. எழுதிக் கொடுத்தால் துண்டைத் தொலைத்துவிடுகிறார்கள் என்று கொப்பியில் நானே வைத்துக்கொள்வேன். “பதில் வந்தா நான் சொல்றேன், நீங்க போங்க.” டவுனில் எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம்.

எண்ணிப் பார்த்தேன். இன்னும் உயிரோடு இருக்கும் முகவரிகள் எண்பத்தாறு. எண்பத்தாறு வாசகர்கள், என் லாச்சிக்குள்ளேயே!

எல்லாவற்றையும் அடித்து ஏற்றிவிட்டேன். றில்வான் கத்தினான். “ராத்தா, அவங்கட சம்மதம் இல்லாம அனுப்பேலா. மொதல்ல ஒரு மெயில் போகும், அதுல அவங்க ‘உறுதிப்படுத்து’ எண்டத அமத்தணும். அமத்தினாத்தான் சேரும்.” சரி, அமத்தட்டும்.

ஜூன் 23, திங்கள்

மணிக்கு ஐம்பதுதான் போகுமாம், மலிவான வாடகை இடம் என்பதால். பத்து மணிக்கு முதல் ஐம்பது. பதினொன்றுக்கு மிச்சம். நான் கண்ணை மூடிக்கொண்டு அதுகளோடு போனேன். ஒன்று ஹாலிஎலயில் இறங்கியது. ஒன்று பசறையைத் தாண்டி, தேயிலை மலை நடுவே, வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் வந்து நின்றது. கொழுந்துப் பை கனத்த ஒரு பெண் போனை எடுத்துப் பார்த்து, ‘அட, ஸகீனா அக்கா’ என்றாள்.

கண்ணைத் திறந்தால் முன்னால் ஒருவர். “மிஸ், பிரிண்ட் ஒண்ணு எடுக்கணுமுங்க, ரொம்ப நேரமா நிக்கிறேன்.”

ஜூன் 26, வியாழன்

ஒருவர்கூட அமத்தவில்லை.

ஜூன் 28, சனி

எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் செய்தேன்.

கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக நானே திறந்து, நானே ‘உறுதிப்படுத்து’ அமத்தினேன். நேற்று முப்பத்தொன்று, இன்று மிச்சம். வேறு எதையும் பார்க்கவில்லை, சத்தியமாக. மேலே என் பெயர், அதைத் திறப்பது, அமத்துவது, மூடுவது. கை தன்பாட்டில் ஓடியது.

திருட்டு இல்லையே? முகவரி நான் உண்டாக்கியதுதானே. அவர்கள் இருந்திருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்கள்?

சந்தாதாரர் எண்பத்தெட்டு. திரையில் அந்த இலக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

‘காற்று மடல் – 1’ போய்விட்டது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் பொத்தானை அமத்தினேன். ரயில் பாதை முடிகிற ஊர் இது. இதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது. ஆனால் காற்று இங்கே நிற்பதில்லை, அது மலை ஏறிப் போகிறது, அதன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன் — இப்படி ஆரம்பித்து ஒரு பக்கம். இந்தக் காற்று அடித்தால்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் என்பதையும் எழுதினேன். இது எழுதியதிலேயே நல்லது. தண்ணீரில் மிதப்பது போல வீட்டுக்கு நடந்து வந்தேன். கறிக்கு உப்புப் போட மறந்தேன், இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

யா அல்லாஹ்.

மடல் அவர்களுடைய பெட்டியில் எப்படித் தெரிகிறது, படம் வருகிறதா, எழுத்து உடைகிறதா என்று பார்க்கத்தான் மறுபடி திறந்தேன். நாலைந்து பார்த்தால் போதும் என்று. அவ்வளவுதான் நினைத்தேன்.

ஐந்தாவது மயூரியுடையது. மடுல்சீமைப் பிள்ளை. போன வருடம் ஜனவரியில் வந்தாள், பாலர் பாடசாலை ஆசிரியைப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட. கொழும்பில் இரண்டு வருடம், தங்குமிடம் சாப்பாடு எல்லாம் ஒரு நிறுவனம் தருவது. இங்கிலீசில் நூறு சொல் எழுத வேண்டும், ‘ஏன் ஆசிரியையாக விரும்புகிறீர்கள்’ என்று. நான் எழுதித் தரவா என்றேன். வேண்டாம் அக்கா, நானே எழுதுறேன் என்று அந்த மூலைக் கதிரையில் இரண்டு மணிநேரம் இருந்தாள்.

பெட்டியில் நாலே நாலு மெயில். இரண்டு என்னுடையது. ஒன்று பெட்டி திறந்த அன்று வந்த வரவேற்பு. மற்றது 2024 மார்ச் 11.

‘நீங்கள் தெரிவுசெய்யப்பட்டுள்ளீர்கள் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம். மார்ச் 25க்கு முன் பதிலளிக்கவும்.’

திறக்கப்படாமல், தடித்த எழுத்தில், பதினாறு மாதமாக.

போன கிழமை நான் ‘உறுதிப்படுத்து’ அமத்தியபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. என் கடிதத்துக்கு நேர் கீழே. நான் என் பெயரை மட்டும் பார்த்தேன்.

பதில் வந்தா நான் சொல்றேன் என்றேனே! அந்தப் பிள்ளை இரண்டு தடவை வந்து கேட்டாள், நானே பார்த்து ‘ஒண்டும் வரல்ல, வந்தா கோல் எடுப்பேன்’ என்றேனே! அதற்குப் பிறகு ஒரு நாளாவது திறந்து பார்த்தேனா? இல்ல. மறந்து போனேன். தூசி பாத்துக்கொண்டு இருந்தேன். என்ட கை ஏன் வெளங்காமப் போகல்ல?

ஜூலை 7, திங்கள்

கடை திறக்கவில்லை.

ஜூலை 9, புதன்

இவரிடம் சொன்னேன். கடைச் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, “இப்ப சொல்லி என்ன செய்ற? அந்தப் புள்ள மறந்திருக்கும். எல்ல டவுன்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வேல செய்யுதாமே.”

ஆமாம், செய்கிறாள். அவள் அம்மா போனுக்கு ரீலோட் போட வரும்போது சொல்லியிருக்கிறாள். “அது கெடைக்கலீங்க. நம்மள எல்லாம் எங்கங்க எடுக்கப் போறாங்க.” அன்று நான் என்ன பதில் சொன்னேன்? ‘உச்’ கொட்டினேன். மிச்சச் சில்லறையைக் கொடுத்தேன்.

நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிழை முழுக்க என்னுடையது, பிள்ளைக்குத் தெரியாது, இனியும் ஓர் இடம் தர முடியுமா என்று. வாழ்க்கையில் அலங்காரம் இல்லாமல் நான் எழுதிய ஒரே கடிதம்.

ஜூலை 11, வெள்ளி

மடல் இரண்டு அனுப்பவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்?

ஜூலை 15, செவ்வாய்

பதில் வந்தது. மரியாதையான பதில். அந்தப் பயிற்சி சென்ற வருடத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டதாம். மயூரியின் நூறு சொல் தங்களுக்கு நினைவிருக்கிறதாம்.

அந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஜூலை 17, வியாழன்

இன்று மயூரியைத் தேடி எல்லவுக்குப் போனேன். ரயிலில். பஸ்ஸில் போயிருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருப்பேன். சீக்கிரம் போக மனமில்லை. தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, கீழே விட்டுவந்த குகைக்கு மேலேயே வந்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே புல்மேடு காய்ந்து வெளிறி, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், இறங்கவே வேண்டாம், யாரிடமும் எதுவும் சொல்லவே வேண்டாம் என்று கிடந்தேன். எல்ல வந்துவிட்டது.

கெஸ்ட் ஹவுஸ் மொட்டைமாடியில் மயூரி படுக்கை விரிப்புகள் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காற்றுக்கு அவை அவள் மேலேயே வந்து சுற்றின. என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். “அக்கா! நீங்களா? வாங்க வாங்க, டீ போடவா?”

டீ வேண்டாம் என்று அந்த மார்ச் 11 கடிதத்தின் பிரதியைக் கையில் கொடுத்தேன். அவள் இங்கிலீசில் மெதுவாக, விரலை வைத்து வாசித்தாள். சிரித்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள்.

“இது போன வருசமுங்களேக்கா.”

“ஓம் புள்ள. நான் பாக்கல்ல. என்ட பிழைதான்.”

“மார்ச் பதினொண்ணு திங்கக்கெழம. திங்கக்கெழம நாங்க டவுனுக்கு வருவோம். உங்க கடைக்கு முன்னாலதான் பஸ்ஸுக்கு நிப்பேன். நீங்க கை காட்டுவீங்க.”

காற்றில் நழுவிய ஒரு விரிப்பின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

“ரெண்டு வாட்டி வந்து கேட்டேன். மூணாவது வாட்டியும் கேட்டா தொல்ல பண்றேன்னு நெனப்பீங்கன்னு கேக்கல.” கடிதத்தை நாலாக மடித்தாள். “எனக்கு இங்கிலீசு பத்தலன்னு அப்பா சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். அதுக்கப்புறம் நான் எதுக்குமே எழுதிப் போடலக்கா.”

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசியிருந்தால் இன்னும் நல்லது. அவள் ஒரு விரிப்பை எடுத்து ஒழுங்காகக் கொடியில் போட்டு, கிளிப் குத்திவிட்டு வந்து, “என் பாஸ்வேர்டு என்னங்க?” என்றாள்.

“ஒன் பேரும் பொறந்த வருசமும்.”

“இம்புட்டுதானா?”

இம்புட்டுதான். என்னிடம் ஓர் இலக்கம் கேட்டு, அவளே எந்த நாளும் திறந்திருக்கலாம். யாராவது சொல்லியிருந்தால்.

தன் போனில் அடித்தாள். சரிபார்க்கும் இலக்கம் என் போனுக்கு வந்தது. ஆறு இலக்கத்தையும் நான் வாசிக்க, அவள் அழுத்தினாள். பெட்டி திறந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மேல ‘காற்று மடல்’னு ஒண்ணு இருக்கே. இது யாருதுக்கா?”

“நான் எழுதினது.”

“வாசிச்ச மாதிரி காட்டுதே. யாரு வாசிச்சது?”

“அதையும் நான்தான்.”

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத மாட்டேன். கடவுச்சொல்லை மாற்றினாள், என் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டாள், “வேல இருக்குங்க” என்று சொல்லிவிட்டு விரிப்புகளுக்குள் போய்விட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

பட்டியலில் எல்லாரையும் தெரிவுசெய்து நீக்கினேன். ‘நிச்சயமாகவா?’ என்று மென்பொருள் கேட்டது. எண்பத்தாறு பேரைச் சேர்க்கும்போது இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. இல்லை, றில்வான் கேட்டான். நான்தான் காதில் வாங்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

கொப்பி மேசைமேல் கிடக்கிறது. மிச்சம் எண்பத்தைந்து பெட்டி. திறந்தால் மறுபடி அடுத்தவரின் பெட்டிக்குள் கை வைக்கிறேன். திறக்காவிட்டால் இன்னொரு மார்ச் 11 உள்ளே கிடந்து பழுக்கலாம். இரண்டு கிழமையாக அதன் மேல் கையை வைப்பதும் எடுப்பதும்தான் வேலை. கண்ணாடிக்கு வெளியே தூசி எழும்புகிறது. இப்போது அதைப் பார்த்தால் எழுதத் தோன்றவில்லை, அதற்குள் யார் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று தேடுகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மயூரி வந்தாள்! வேலை இல்லாத நாளாம். கும்பிடவும் இல்லை, அக்கா என்றும் இல்லை. “அந்தக் கொப்பியக் குடுங்க.”

கொடுத்தேன். மூலைக் கதிரையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பெயர்கள் நிறைய. “பெட்டிய நாம தொறக்க வேணாம். ஒவ்வொருத்தருக்கும் கோல் எடுத்து, பாஸ்வேர்ட சொல்லுவோம். அவங்களே தொறக்கட்டும். போன் இல்லாதவங்க கடைக்கு வரட்டும்.” இவ்வளவு எளிதான ஒன்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எனக்கு எது தோன்றியிருக்கிறது!

சாயங்காலம் வரை இருபத்திரண்டு பேர். நம்பர் மாறியவர்கள் ஏழு. கலியாணம் முடித்து மத்திய கிழக்குக்குப் போனவர்கள் மூன்று. பலருக்கு விளம்பரத்தைத் தவிர எதுவும் வந்திருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று ஒவ்வொரு தடவையும் மூச்சு விட்டேன். ஓர் ஆளுக்கு மட்டும் பண்டாரவளையில் ஒரு நேர்முகம், வருகிற பதினெட்டாம் தேதி. மயூரி போனில் சத்தம் போட்டாள். “இல்லண்ணே, இன்னும் நாள் இருக்கு! நெசமாத்தான் சொல்றேன், தேதியப் பாருங்க, தேதிய!” அவள் குரல் உடைந்தது அங்கேதான். நான் எழுந்து பின்னால் போய்விட்டேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன். என்னைப் பார்க்கவில்லை. குடித்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மீதியும் முடிந்தது. நம்பர் மாறியவர்களைச் சொந்தக்காரர் மூலம் பிடித்தோம். ஒவ்வொருவரும் தங்கள் நம்பரைப் போட்டுக்கொண்டார்கள். கொப்பியில் கடவுச்சொற்களை எல்லாம் கறுப்புப் பேனையால் அடித்தேன்.

போகும்போது மயூரி, “அந்த மெயில் அனுப்புற மெஷின் இன்னும் இருக்குங்களா?” என்றாள். இருக்கிறது என்றேன். “விண்ணப்பத்துக்கு எல்லாம் கடைசித் தேதி அதுல போடுங்க. பிரயோஜனமா இருக்கும்.” வாசற்படியில் இறங்கிவிட்டு, “காத்தப் பத்தி அடியில நாலு வரி போட்டுக்குங்க” என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முதலாவது ‘கடைசித் தேதி மடல்’ போனது. சந்தாதாரர் பதின்மூன்று. ஒவ்வொருவரும் தன் போனில் தானே அமத்தியது. மணிக்கு ஐம்பது போகும் இயந்திரத்துக்கு இது ஒரு நிமிட வேலை. இவர் பதினாலாவதாகச் சேர்ந்தார்; வாசிப்பாரா, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மயூரி பத்து மணிக்கு வந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூலைக் கணினியில் உட்கார்ந்து மடலில் மூன்றாவதாகப் போட்டிருந்த விண்ணப்பத்தைத் திறந்தாள். மறுபடி இங்கிலீசு, மறுபடி ‘ஏன் விரும்புகிறீர்கள்’. இந்தத் தடவை இருநூறு சொல். எழுதித் தரவா என்று நான் கேட்கவில்லை. ஒரு மணிநேரம், ஒன்றரை மணிநேரம். இடையில் ஒரு சொல்லுக்கு அகராதி பார்த்தாள். நான் யாருடையதோ பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுப்பதும், அவள் முதுகைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

கடைசியில் மெயிலுக்குள் போக வேண்டியிருந்தது. முகவரியை அடித்தாள். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் கையை நிறுத்திவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து வாசலுக்குப் போய், ரோட்டைப் பார்த்து நின்றேன். நல்ல காற்று. உள்ளே விசைகளின் சத்தம் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

“முடிஞ்சிச்சுங்கக்கா” என்று கேட்டது. அதன் பிறகுதான் திரும்பினேன்.